‘9எச் செராமிக், 5 வருட வாரண்டி’: அட்வான்ஸ் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்னையில் காருக்கு செராமிக் கோட்டிங் (பெயின்ட்டின் மேல் தடவி இறுகவைக்கும் மெல்லிய பாதுகாப்புப் படலம்) போடலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், முக்கியமாகக் கறுப்பு, அடர்நீலம் மாதிரி நிறத்தில் வண்டி வைத்திருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை இதைப் படித்துவிடுங்கள். ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு டீட்டெய்லிங் ஸ்டூடியோவில் (காரைச் சுத்தம் செய்து, பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கும் கடை) எனக்கு 24,000 ரூபாய் போனது. கடையின் பெயரைப் போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொன்று, பெயரைப் போட்டால் அந்த ஒரு கடையை மட்டும்தான் தவிர்ப்பீர்கள், இதே வசனத்தை இதே வரிசையில் சொல்லும் கடைகள் ஊர் முழுக்க இருக்கின்றன.

என் கார் கறுப்பு, 4 வருடம் ஓடியது. அபார்ட்மென்ட்டில் காலையில் ஒரே வாளித் தண்ணீரையும் ஒரே துணியையும் வைத்துக்கொண்டு வரிசையாக எல்லா வண்டியையும் துடைப்பார்களே, அந்தப் புண்ணியத்தில் வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்க வட்ட வட்டமாக நூல் கீறல். ஸ்வர்ல் மார்க் என்பார்கள். அதை எடுத்துவிட்டு, திரும்ப வராமல் இருக்க ஏதாவது போடலாம் என்றுதான் போனேன்.

உள்ளே போனதும் மேலே அறுகோணம் அறுகோணமாக எல்இடி விளக்கு, கறுப்புச் சுவர், ஏசி, காபி. மேஜையில் ஒரு பழைய பானெட், பாதி கோட்டிங் போட்டது, பாதி போடாதது. கறுப்பு க்ளவுஸ் மாட்டிய தம்பி ஒருத்தர் இரண்டு பாதியிலும் பெர்மனென்ட் மார்க்கரால் கிறுக்கித் துடைத்துக் காட்டினார், கோட்டிங் போட்ட பாதியில் அழிந்தது, போடாத பாதியில் அழியவில்லை. லைட்டருக்கு ஊற்றும் திரவத்தை ஊற்றிப் பற்றவைத்துக் காட்டினார். அப்புறம் ஒரு பாட்டில் தண்ணீரைத் தெளித்தார், முத்து முத்தாக உருண்டு ஓடியது. “சார், வைரம் கடினத்தில் 10, நம்ம கோட்டிங் 9எச். சாவியால கிழிச்சாலும் ஒண்ணும் ஆகாது சார். 3 லேயர் போடுறோம், 5 வருஷம் வாரண்டி.” விலை 32,000, இன்றைக்கே புக் பண்ணினால் 24,000. அந்த ‘இன்றைக்கே’ ஆஃபர் போன வாரம்கூட அவர்களுடைய இணையப் பக்கத்தில் இருந்தது.

அந்த 9எச் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் மொத்த வியாபாரமும் அதன் மேல்தான் நிற்கிறது. வைரத்துக்கு 10 என்பது மோஸ் அளவுகோல், கனிமங்களுக்கானது. 9எச் என்பது பென்சில் அளவுகோல். மிருதுவான பி வகையில் ஆரம்பித்துக் கடினமான எச் வகை வரை பென்சில்களை வரிசையாக வைத்து, 45 டிகிரியில் சாய்த்து அழுத்தித் தள்ளி, எந்தப் பென்சில் பெயின்ட் படலத்தைக் கீறுகிறது என்று பார்க்கிற சோதனை. ஏஎஸ்டிஎம் டி3363 என்று அதற்கு ஒரு தர எண்ணே உண்டு. 9எச் என்றால் அந்த வரிசையிலேயே கடினமான பென்சிலாலும் கீற முடியவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். ரோட்டுத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் மோஸில் 7. பென்சில் முனை அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆக, தூசி படிந்த வண்டியைக் காய்ந்த துணியால் துடைத்தால் 9எச்சும் கீறும், 9எச் போடாததும் கீறும். அந்தத் தம்பி பொய் சொல்கிறார் என்றுகூட நான் நினைக்கவில்லை, அவருக்கே அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

நெருப்பு வித்தையும் அதே மாதிரிதான். ஃபேக்டரி பெயின்ட்டையே 140 டிகிரி வாக்கில் அடுப்பில் சுட்டுத்தான் எடுக்கிறார்கள். ஊற்றிய திரவத்தில் எரிவது மேலே கிளம்பும் ஆவி, அதுவும் சில நொடிகள். கோட்டிங் இல்லாத பாதியிலும் பற்றவைத்துக் காட்டச் சொல்லியிருந்தால் அதுவும் பிழைத்திருக்கும். மார்க்கர் பரீட்சையில் தோற்ற அந்த ‘கோட்டிங் போடாத’ பாதி கடைசியாக எப்போது பாலிஷைப் பார்த்ததோ, யாருக்குத் தெரியும்.

சரி, வேலைக்கு வருவோம். காலையில் வண்டியை விட்டேன், மறுநாள் மதியமே “ரெடி சார்” என்று போன். கறுப்பு வண்டியில் கீறலை உண்மையாகவே வெட்டி எடுத்து, மேலே 3 லேயர் போட்டு, ஒவ்வொன்றுக்கும் காய நேரம் கொடுத்தால் இவ்வளவு சீக்கிரம் முடியாது என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. டெலிவரி அந்த அறுகோண விளக்குக்குக் கீழேயே. சாவியைக் கொடுப்பதற்கு முன்பே க்யூஆர் கோடு அட்டையை நீட்டி 5 ஸ்டார் ரிவ்யூ கேட்டார்கள், போட்டோவோடு போட்டால் ஒரு மைக்ரோஃபைபர் துணி இலவசம். கூகுளில் அந்தக் கடைக்கு ஏன் இவ்வளவு நல்ல பெயர் என்று அப்போதே புரிந்தது. வேலை எப்படி என்று தெரிய ஒரு மாதமாவது ஆகும் ஒரு விஷயத்துக்கு, அத்தனை பேரும் டெலிவரி அன்றைக்கே ரிவ்யூ எழுதியிருக்கிறார்கள்.

சில வாட்டர் வாஷ் முடிந்ததுமே தண்ணீர் உருள்வது நின்று தட்டையாகப் பரவ ஆரம்பித்தது. பானெட்டில் பழைய கீறல்கள் அதே இடத்தில், அதே வட்டத்தில் எட்டிப்பார்த்தன. கடையில் கேட்டால் “போர் தண்ணி சார், உப்பு படிஞ்சிருக்கும், மெயின்டனன்ஸ் வாஷுக்கு விடுங்க” என்றார்கள். உப்பு படிந்தால் வெள்ளைத் திட்டு வரும், கீறல் எப்படி வரும்?

நண்பர் சொல்லி இன்னொரு ஆளிடம் போனேன். விளக்கும் கிடையாது, காபியும் கிடையாது, ஷெட்டு. அந்த அண்ணன் பானெட்டைப் பார்க்கவே இல்லை, நேராகப் பின்கதவுக்குப் போனார். அங்கே இன்னும் பளபளப்பு இருந்தது. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து ஒரு துணியில் தெளித்து, ஒரு சாண் அகலத்துக்கு நாலைந்து முறை துடைத்தார். டார்ச்சை அடித்தார். துடைத்த பட்டையில் மட்டும் அத்தனை கீறலும் எழுந்து நிற்கிறது, இரண்டு பக்கமும் வழவழப்பாக இருக்கிறது. துணி எங்கே நின்றதோ அந்தக் கோடு வரைக்கும்.

“இது க்ளேஸ் தம்பி” என்றார். எண்ணெயும் ஃபில்லரும் கலந்த பாலிஷ். கீறலை எடுக்காது, அதற்குள் போய் உட்கார்ந்து மறைக்கும், முகத்துக்குப் பவுடர் அடிக்கிற கதை. கழுவக் கழுவப் போய்விடும். இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது: செராமிக் கோட்டிங் உண்மையிலேயே போட்டு இறுகியிருந்தால் ஆல்கஹால் துடைப்பு அதைத் தாண்டிக் கீழே போகாது, அடியில் க்ளேஸே இருந்தாலும் வெளியே வராது. நாலு துடைப்பில் வெளியே வந்தது என்றால், அந்தக் கதவில் கோட்டிங் இல்லை அல்லது எண்ணெய்ப் பசை மேல் தடவியதால் ஒட்டவே இல்லை. முதலில் தண்ணீர் உருண்டதற்கு ஏதாவது ஸ்ப்ரே சீலன்ட் (தண்ணீர் ஒட்டாமல் கொஞ்ச நாள் காக்கும் பூச்சு) போதும், சில நூறு ரூபாய் சமாச்சாரம். துடைப்பதற்கு முன்னும் பின்னும் நான் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்புறம்தான் வாரண்டி அட்டையை உட்கார்ந்து படித்தேன். முன்பக்கம் தங்க எழுத்தில் 5 வருடம். பின்பக்கம் பொடி எழுத்தில்: கீறல், ஸ்வர்ல், தண்ணீர்க் கறை, பறவை எச்சம், கல் பட்டுத் தெறித்தது எதற்கும் பொறுப்பில்லை, பளபளப்புக்கும் தண்ணீர் உருள்வதற்கும் மட்டுமே வாரண்டி, அதுவும் 4 மாதத்துக்கு ஒருமுறை எங்களிடமே 2,500 ரூபாய்க்கு மெயின்டனன்ஸ் செய்தால். ஒன்று தவறினாலும் வாரண்டி போச்சு. கணக்குப் போடுங்கள்: வருடத்துக்கு 3, ஐந்து வருடத்துக்கு 15 முறை, 37,500 ரூபாய். கோட்டிங்கை விட வாரண்டிக்குத்தான் செலவு அதிகம்! ஒவ்வொரு மெயின்டனன்ஸிலும் அவர்கள் புதுசாக ஏதாவது ஸ்ப்ரே அடித்துக்கொண்டே இருந்தால் தண்ணீர் உருளாமல் என்ன செய்யும்.

அட்டையில் கோட்டிங் கம்பெனிப் பெயர் இருக்கிறது, பாட்டிலின் பேட்ச் எண் இல்லை. பில் என்று கொடுத்தது ‘எஸ்டிமேட்’ எனத் தலைப்பிட்ட தாள், ஜிஎஸ்டி எண் கிடையாது. ஜிஎஸ்டி பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் கூட ஆகும் என்றார்கள். இன்றைக்குப் புகாரில் எனக்குக் கை கொடுப்பது யுபிஐ ரசீதும் அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ்களும்தான்.

போகிறவர்கள் இதையாவது கேளுங்கள். சீல் உடைக்காத பாட்டிலை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், பேட்ச் எண் பில்லில் ஏற வேண்டும். பாலிஷ் முடிந்து கோட்டிங் போடுவதற்கு முன் ஒரு நடை கூப்பிடச் சொல்லி, ஆல்கஹாலால் துடைத்த பிறகு வெயிலிலோ டார்ச்சிலோ பாருங்கள். இதற்கு முகம் சுளிக்கிற கடையில் வண்டியை விடாதீர்கள். பெயின்ட் தடிமன் மீட்டர் வைத்திருக்கிறார்களா, முன்பின் ரீடிங் எழுதித் தருவார்களா என்றும் கேளுங்கள். ஃபேக்டரி பெயின்ட் மொத்தமே சுமாராக 100 முதல் 140 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), அதில் மேலே இருக்கும் நிறமற்ற படலமான க்ளியர் கோட் 40, 50 இருக்கும். ஒவ்வொரு ஆழமான பாலிஷும் அதிலிருந்துதான் தின்கிறது, திரும்ப வராது. கோட்டிங்கோ ஒன்றிரண்டு மைக்ரான், 3 லேயர் போட்டாலும் கல்லைத் தடுக்கிற கனம் அதற்கு வராது.

கல்லுக்கு என்று உண்மையிலேயே இருப்பது பிபிஎஃப், அதாவது பெயின்ட் ப்ரொடெக்‌ஷன் ஃபிலிம், அது 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள ஃபிலிம். அங்கேயும் வேறு விளையாட்டு நடக்கிறது: டிபியூ (நல்ல பிபிஎஃப் செய்யும் பிளாஸ்டிக்) ஃபிலிம் என்று சொல்லிப் பிவிசி ஃபிலிமை ஒட்டுகிறார்கள், ஒட்டிய அன்றைக்குப் பார்க்க இரண்டும் ஒன்றுதான், நம் வெயிலில் பிவிசி சீக்கிரம் மஞ்சளடிக்கும். டிபிஎச் என்று புதுப் பெயர் சொன்னாலும் அதுவும் பிவிசி சொந்தம்தான்.

புது வண்டி ஷோரூமில் டெலிவரிக்கு முன் தலையில் கட்டும் ‘டெஃப்ளான் கோட்டிங்’ பற்றிச் சொல்லவே வேண்டாம். டெஃப்ளான் உருகுவதே 327 டிகிரியில். நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் அதைச் சூளையில் சுட்டு ஒட்டுகிறார்கள், அந்தச் சூட்டில் கார் பெயின்ட் கருகிவிடும். உங்கள் வண்டியில் தடவுவது பெரும்பாலும் ஒரு பாலிஷ், பெயர் மட்டும் டெஃப்ளான்.

ஷெட்டு அண்ணன் எனக்கு மறுபடி கோட்டிங் போடச் சொல்லவில்லை. “அந்த வாளிக்காரரை முதல்ல நிறுத்துங்க, கீறலை ஒரு தடவை ஒழுங்கா எடுத்துடுவோம், நாலஞ்சு மாசத்துக்கு ஒருமுறை நீங்களே சீலன்ட் போட்டுக்குங்க” என்றார். விற்க வேண்டிய பொருளையே வேண்டாம் என்று சொல்கிற ஆளை இந்தத் தொழிலில் முதல்முறை பார்க்கிறேன்.

நான் 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் முடியாவிட்டால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விளம்பரத்தில் சொன்னதைச் செய்யாதது சேவைக் குறைபாடு என்று எழுதிக் கொடுத்து, மார்க்கர், லைட்டர் வித்தை காட்டும் அவர்களுடைய ரீல்ஸையும் டவுன்லோடு பண்ணி இணைத்திருக்கிறேன்.

புகார் போன பிறகு கடையிலிருந்து மெசேஜ் வந்தது: கூகுளில் நான் போட்ட ஒரு ஸ்டார் ரிவ்யூவை எடுத்துவிட்டால் 8,000 ரூபாய் திருப்பித் தருகிறார்களாம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதையும் புகாரோடு சேர்த்துவிட்டேன்.