டோக்கனை யாரிடமும் கொடுக்காதீர்கள்: டிஜிட்டல் கையெழுத்தோடு சில வருட அனுபவம்

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் குளம், கால்வாய் மராமத்து வேலைகளை டெண்டர் எடுத்துச் செய்கிறேன். டெண்டர் இணையத்துக்குப் போனதிலிருந்து டிஜிட்டல் கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி உள்ளே இருக்கும், பென் டிரைவ் மாதிரியான யூஎஸ்பி டோக்கன் இல்லாமல் பிழைப்பு ஓடாது. அதில் இருக்கும் டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் இப்போது மூன்றாம் வகுப்புதான். இரண்டாம் வகுப்பை 2021 ஜனவரி முதல் நிறுத்திவிட்டார்கள். கம்ப்யூட்டர் மாற்றினால் டிரைவர் தகராறு செய்யும், புதுச் சான்றிதழ் வாங்கினால் தளத்தில் மறுபடி பதிய வேண்டும். இதெல்லாம் பழகிவிடும்.

இந்தக் கையெழுத்து சட்டப்படி செல்லுமா என்று இன்னமும் கேட்கிறார்கள். செல்லும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 5ஆம் பிரிவு. எந்தச் சட்டம் கையெழுத்து கேட்டாலும் முறைப்படி போட்ட மின்னணுக் கையெழுத்து போதும் என்கிறது. 2008 திருத்தத்தில் 3ஏ பிரிவு வந்ததால்தான் ஆதார் ஓடிபி வைத்துப் போடும் இ-சைனுக்கும் இடம் கிடைத்தது.

எனக்குக் கவலை வேறு. பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் சில ஆடிட்டர் ஆபீஸ் டிராயர்களில் பெயர்ச்சீட்டு ஒட்டிய டோக்கன்கள் குவிந்து கிடக்கும். டோக்கனைத் திறக்கும் ரகசிய பின் (PIN) நம்பரும் அந்தச் சீட்டிலேயே! என்னுடையதையும் கேட்டார்கள், கொடுக்கவில்லை. கையெழுத்துச் சாவியைக் காப்பது அதற்கு உரியவர் கடமை, கைமாறியது தெரிந்தால் சான்றிதழ் தந்த நிறுவனத்துக்கு உடனே சொல்ல வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 42ஆம் பிரிவு. என் மச்சினன் டோக்கனை விட்டுவைத்த இடத்தில், அவன் கண்ணால் பார்க்காத ரிட்டர்ன் அவன் கையெழுத்தோடு போயிருந்தது. பாதுகாப்பான மின்னணுக் கையெழுத்து என்றால், உரியவர்தான் மனமறிந்து போட்டார் என்று நீதிமன்றம் முதலில் அனுமானித்துக்கொள்ளும். "நான் போடலை" என்று காட்ட வேண்டியது நாம்தான். பழைய சாட்சியச் சட்டத்தின் இந்த அனுமானம், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதுச் சட்டத்திலும் தொடர்கிறது. அடுத்தவர் கையெழுத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் உண்டு. ஆனால் சொந்த ஆடிட்டர் மேல் யார் போய்ப் புகார் கொடுப்பது?

சில்லறை ஒப்பந்தங்களுக்கு இ-சைன் போதும். ஜேசிபி வைத்திருக்கும் முக்கூடல்காரர் முதல் தடவை, "அண்ணாச்சி, ஓடிபி போட்டா கையெழுத்தாயிருமாக்கும்?" என்று சிரித்தார். இப்போது அவரே லிங்க் கேட்கிறார். அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் 30 நிமிடம்தான். போட்ட நேரத்தில் உயிரோடு இருந்தால் கையெழுத்து நிற்கும். ஆதாரோடு சேர்த்த செல் நம்பர் கையில் இல்லையென்றால்தான் தொல்லை. முத்திரைத்தாள் கட்டணம் தனி, அதை இது மிச்சப்படுத்தாது.

வாட்ஸ்அப்பில் கையெழுத்துப் படத்தை வெட்டி ஒட்டுவதற்கு 5ஆம் பிரிவின் காப்பு கிடையாது. மின்னஞ்சலில் பேசி முடித்தது 10ஏ பிரிவின்படி ஒப்பந்தமாக நிற்கலாம். தகராறு வந்தால் நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

உயில், டிரஸ்ட் பத்திரம், நாம் சாதாரணமாக எழுதும் பவர் பத்திரம் மூன்றும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது அந்தச் சட்டம் பொருந்தாதவற்றின் பட்டியலில், இருக்கின்றன. அவற்றுக்குப் பேனாதான். நிலம் விற்கும் ஒப்பந்தமும் அங்கே இருந்தது, 2022இல் எடுத்துவிட்டார்கள். அதற்காகப் பத்திரப்பதிவு தேவையில்லை என்று ஆகிவிடாது.

ஒரு வங்கிக் கிளையில் டிஜிட்டல் கையெழுத்துப் போட்ட பிடிஎஃப்பை, "பிரிண்ட் எடுத்து சீல் வச்சுக் கொண்டுவாங்க" என்றார்கள். பிரிண்டில் கையெழுத்தின் படம் மட்டுமே இருக்கும், சரிபார்க்க ஒன்றும் இருக்காது. இப்போது மூலக் கோப்பை மின்னஞ்சலில் முதலில் அனுப்பிவிட்டு, அப்புறம்தான் தாளைக் கொண்டுபோகிறேன்.