கேனன் 10-18: பட்ஜெட் அகலக்கோண லென்ஸுடன் சில வருடங்கள்

கேனன் கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார்) கேமரா வைத்திருந்து, கோயில், பழைய கட்டடம் என்று சுற்றுபவர்கள் கேமராவோடு வரும் கிட் லென்ஸுக்கு அப்புறம் என்ன வாங்கலாம் என்று கேட்டால், தயங்காமல் நான் சொல்வது ஈஎஃப்-எஸ் 10-18 ஐஎஸ் எஸ்டிஎம். 2014இல் வந்தது. எடை 240 கிராம்தான். நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கினாலும் தெரியாது.

இதன் பெரிய பலம் ஐஎஸ், அதாவது கை நடுக்கத்தால் படம் கலங்காமல் லென்ஸே பார்த்துக்கொள்ளும் வசதி. மதுரை திருமலை நாயக்கர் மகாலில் தூண்களுக்கு நடுவே போனால் வெளிச்சம் சட்டென்று இறங்கிவிடும். அங்கே 10 மி.மீ.யில் (இந்த லென்ஸின் மிக அகலமான கோணம்), மூச்சைப் பிடித்துக்கொண்டு கால் நொடி ஷட்டரில் கையில் வைத்தே எடுக்கிறேன். வளைவுகளின் சுதை வேலைப்பாடு கலங்காமல் வருகிறது, ஐஎஸ்ஓவும் (ஏறினால் படத்தில் புள்ளி தட்டும் ஒளி உணர்திறன் அளவு) ஏறுவதில்லை. டிரைபாட் விடாத இடங்களில் இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் ஐஎஸ் நம் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், எதிரே நடப்பவரை நிறுத்தாது. அதற்கு வேகமான ஷட்டர் வேண்டும், வெளிச்சமும் நிறைய வேண்டும். ஆனால் இதன் அப்பெர்ச்சர் (ஒளி நுழையும் திறப்பு; எண் கூடினால் வெளிச்சம் குறையும்) 10இல் எஃப் 4.5, 18இல் 5.6. கல்யாண மண்டபம், ராத்திரி சாமி புறப்பாடு இதற்கெல்லாம் போதவே போதாது. அதுதான் உங்கள் வேலை என்றால் டோக்கினா 11-16 எஃப் 2.8 பாருங்கள். அதில் ஐஎஸ் கிடையாது, எடையும் இரண்டு மடங்குக்கு மேல்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை அருகில் நின்று அண்ணாந்து எடுத்தால் பின்னால் சாய்ந்த மாதிரி வரும். இது எந்த அகல லென்ஸிலும் உள்ளதுதான். கொஞ்சம் பின்னால் வந்து, கேமராவை நிமிர்த்தாமல் நேராகப் பிடித்து, நெடுவாக்கில் எடுத்துவிட்டு, அடியில் வரும் வெறும் தரையை வெட்டிவிடுங்கள். விமானம் நிமிர்ந்து நிற்கும். குழுப்படத்தில் ஒல்லியானவரையே ஓரத்தில் நிறுத்துங்கள். அங்கே நிற்பவர் முகம் அகலமாக இழுபட்டுவிடும்.

கேமராவில் மாட்டும் மவுண்ட் பிளாஸ்டிக். பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்கும் ஹூட் தனியாக வாங்க வேண்டும். கேமரா ஆனில் இருந்தால்தான் கையால் ஃபோக்கஸ் செய்ய முடியும். இவற்றைப் பெரிய குறையாக நான் நினைக்கவில்லை. வானத்தின் நீலத்தைக் கூட்டும் போலரைசர் ஃபில்டர் மட்டும் யோசித்து வாங்குங்கள்: 10 மி.மீ.யில் வானம் ஒரு பக்கம் கருநீலமாகவும் மறுபக்கம் வெளிறியும் போகும்.

ஆர்50, ஆர்10 மாதிரி மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா வைத்திருப்பவர்களுக்கு 2023இல் ஆர்எஃப்-எஸ் 10-18 வந்துவிட்டது, பழையதை மாட்டத் தேவைப்படும் அடாப்டர் இதற்கு வேண்டாம். மற்றவர்கள் பழைய 10-18ஐ செகண்ட்ஹேண்டில் தேடலாம். வாங்கும்போது ஐஎஸ் சுவிட்சை ஆன் செய்து, மெதுவான ஷட்டரில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.