சீர்திருத்தத்திற்கு முந்தைய பிரிட்டன்: காரைக்குடி வார இறுதி வகுப்பு பற்றிய மதிப்புரை

போட்டித் தேர்வு எழுதுவோருக்கும் வரலாற்று மாணவர்களுக்குமாகக் காரைக்குடியில் ஒரு தனியார் பயிற்சி மையம் நடத்திய இந்த வகுப்பு, நாடாளுமன்றத் தேர்தல் முறையை மாற்றிய 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்திற்கு முன் பிரிட்டனின் சமூகமும் அரசும் இருந்த நிலையைத் தமிழிலேயே விளக்குகிறது. ஆறு அமர்வுகளுக்கு 900 ரூபாய் என்பது மிக நியாயமான கட்டணம்.

பழைய தேர்தல் முறையால் பயனடைந்தவர்கள் யார் என்ற கேள்வியோடு ஆசிரியர் தொடங்கினார். குடியிருப்பே ஏறத்தாழ அற்றுப்போன ஓல்டு சாரம் என்ற இங்கிலாந்துத் தொகுதி நாடாளுமன்றத்துக்கு 2 உறுப்பினர்களை அனுப்பியதையும், ஆலைகளால் பெருகிய மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும் தனி உறுப்பினர் இல்லாததையும், வாக்கைப் பலரறியச் சொல்ல வேண்டியிருந்ததால் குத்தகைக்காரர் நிலக்கிழாரை மீறத் துணியாததையும் அவர் பொருத்திக் காட்டியபோது, முழுப் படமும் துலங்கியது.

வகுப்பின் சிகரம் ஆற்காட்டு நவாப்பின் கடன் பற்றிய அமர்வுதான். கிழக்கிந்தியக் கும்பினியின் ஊழியர்கள் நவாப்புக்குக் கடும் வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். ஈடாக அவருடைய ஆட்சிப் பகுதிகளின் நிலவரி வருவாய் அவர்களுக்கு எழுதித் தரப்பட்டது. அப்படித் திரண்ட செல்வம் இங்கிலாந்தில் நாடாளுமன்ற இடங்களை வாங்கவும் பயன்பட்டது. அப்படிக் கடன் கொடுத்தவர்களுள் பெரியவரான பால் பென்ஃபீல்டு 1780இல் கிரிக்லேடு தொகுதியின் உறுப்பினரானார். தம்மையும் சேர்த்து 8 பேரை அவர் நாடாளுமன்ற அவைக்குள் கொண்டுவந்ததாக, உறுப்பினர் எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரி 28 அன்று அவையிலேயே குற்றஞ்சாட்டினார். வட்டியும் ஐந்தொகையும் பேசும் வீடுகளில் வளர்ந்த மாணவர்கள், முதல் எவ்வளவு, ஈடு எது, வசூலித்தவர் யார் என்று அடுக்கடுக்காகக் கேட்க, ஆசிரியர் அத்தனைக்கும் பொறுமையாக விடையளித்தார். 1772இல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் வீழ்ந்ததை வீரக்கதையாகவே கேட்டிருக்கிறோம். கப்பம் கேட்டுப் படையெடுத்த நவாப்பே கடனில் மூழ்கியிருந்தவர் என்பதையும் அதனருகே வைத்துப் பார்த்தால், அக்கடனில் திரண்ட பணம் இடம் வாங்கிய அந்தத் தேர்தல் முறையும் ஓல்டு சாரமும் நமக்கு அயலாகத் தோன்றா.

குறையும் உண்டு. ரொட்டி விலையை உயர்த்திவைத்த 1815ஆம் ஆண்டுத் தானியச் சட்டமும், சீர்திருத்தம் கேட்டு மான்செஸ்டரில் திரண்ட மக்கள்மீது 1819 ஆகஸ்ட் 16 அன்று குதிரைப்படை பாய்ந்த பீட்டர்லூ படுகொலையும் கடைசி அரைமணி நேரத்தில் அவசரமாக முடிக்கப்பட்டன. உழைத்தவர்களின் பசியைச் சொல்லாமல் அந்தக் காலத்தின் கோபத்தை விளக்க முடியாது. அடுத்த முறை இதற்கென்று தனி அமர்வு ஒதுக்கினால், அதற்குரிய கூடுதல் கட்டணத்தை நான் மகிழ்ச்சியோடு தருவேன்.