எக்ஸ்ஓ-1: ஒவ்வொரு மாணவருக்கும் ஒன்று என்ற கனவோடு செய்யப்பட்ட மடிக்கணினி, ஒரு மதிப்பீடு

பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு கணினி கொடுக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் அரசுகள், பெரும்பாலும் அலுவலக வேலைக்கென்று செய்யப்பட்ட மடிக்கணினியையோ வீட்டில் படம் பார்ப்பதற்கென்று செய்யப்பட்ட டேப்லெட்டையோ மொத்தமாகக் கொள்முதல் செய்து, மேலே ஒரு முத்திரையைப் பதித்துக் கொடுத்துவிடுகின்றன. முதல் திருகிலிருந்து கடைசி மென்பொருள் வரை ஒரு பள்ளிச் சிறுவனையோ சிறுமியையோ மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட கருவிகள் மிகச் சிலவே. அவற்றுள் முதன்மையானது, 2007ஆம் ஆண்டின் இறுதியில் உற்பத்திக்கு வந்த எக்ஸ்ஓ-1. அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் நெக்ரோபொன்ட்டே தொடங்கிய ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ என்ற அமைப்பு இதை வடிவமைத்தது. தைவானின் குவான்ட்டா நிறுவனம் தயாரித்தது. 2005இல் நூறு டாலர் கணினி என்று அறிவிக்கப்பட்ட இதன் விலை, உற்பத்தி தொடங்கியபோது ஏறத்தாழ 188 டாலராக இருந்தது. நான் இங்கே மதிப்பிடுவது, நன்கொடையாளர்கள் 399 டாலர் செலுத்தினால் ஒன்று அவர்களுக்கும் மற்றொன்று ஏழை நாட்டுக் குழந்தை ஒருவருக்கும் என்ற ஏற்பாட்டில் விற்கப்பட்ட கணினிகளுள் ஒன்று.

இவ்வளவு பழைய கருவியை இன்று ஏன் மதிப்பிட வேண்டும் என்று கேட்கலாம். மாணவர்களுக்குக் கருவி வழங்கும் திட்டங்கள் இன்னும் தொடர்கின்றன. அவற்றுக்கான ஒப்பந்தப்புள்ளிகளில் செயலியின் பெயரும் நினைவகத்தின் அளவும் திரையின் அங்குலமும் தவறாமல் இடம்பெறுகின்றன. பழுதாகும் நாளில் அந்தப் பிள்ளை யாரிடம் போகும் என்ற கேள்விக்கு அவற்றில் தெளிவான விடை கிடைப்பது அரிது. என் பார்வையில் பள்ளிக்கான எந்தக் கருவிக்கும் அதுவே முதல் தேர்வு. அந்தத் தேர்வில் எக்ஸ்ஓ-1 பெறும் மதிப்பெண்ணும், அதைப் பரப்பிய திட்டங்கள் பெற்ற மதிப்பெண்ணும் ஒன்றாக இல்லை என்பதுதான் இந்தக் கருவியின் கதையில் நாம் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம்.

முதலில் உடல் அமைப்பு. வெள்ளையும் பச்சையுமான இந்தக் கணினி சுமார் ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. தூக்கிச் செல்ல ஒரு கைப்பிடி உண்டு. வெளிச்சுவரின் நெகிழி, அக்காலத்து மடிக்கணினிகளைவிடத் தடிமனாக, இரண்டு மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. காற்றாடி கிடையாது, சுழலும் வன்தட்டும் கிடையாது. எனவே கீழே விழுந்தால் உள்ளே உடைவதற்கும், புழுதி படிந்து அடைத்துக்கொள்வதற்கும் பாகங்கள் குறைவு. விசைப்பலகை ஒரே இரப்பர் விரிப்பாக மூடப்பட்டிருப்பதால் தண்ணீர் சிந்தினாலும் மணல் விழுந்தாலும் உள்ளே இறங்காது. மேலே முயல்காது போல் நிமிர்ந்து நிற்கும் இரண்டு பச்சை அலைவாங்கிகள் வைஃபை சமிக்ஞையைத் தொலைவிலிருந்து பற்றுகின்றன. மடக்கினால் அவையே யுஎஸ்பி துளைகளை மூடும் மூடிகளாகின்றன. யவ் பெஹாரின் இந்த வடிவமைப்பில் அழகுக்கென்று மட்டும் வைக்கப்பட்ட பாகம் ஒன்றைக்கூட என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை.

திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேரி லூ ஜெப்சென் வடிவமைத்த இந்த ஏழரை அங்குலத் திரை, உட்புறத்தில் பின்னொளியோடு வண்ணத்தில் தெரியும். பின்னொளியை அணைத்துவிட்டு நேர் வெயிலில் கொண்டுபோய் வைத்தால், 1200க்கு 900 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரையாக மாறி, அச்சிட்ட தாளைப் போல் எழுத்துகளைத் தெளிவாகக் காட்டும். மரத்தடியிலும் திண்ணையிலும் வகுப்பு நடக்கும் நாடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான திரை இருக்க முடியாது. பட்டப்பகலில் முற்றத்தில் அமர்ந்து நான் இதில் படித்திருக்கிறேன். பல மடங்கு விலையுள்ள இன்றைய மடிக்கணினிகளின் பளபளப்பான திரைகளில் அதே இடத்தில் என் முகம்தான் தெரிகிறது. திரையைத் திருப்பி மடக்கினால் கருவி முழுவதும் ஒரு மின்னூல் படிப்பானாக ஆகிவிடும்.

மின்சாரத்திலும் அதே அக்கறை தெரிகிறது. முன்மாதிரியில் இருந்த கைச்சுழற்றி உற்பத்திக்கு வந்தபோது கைவிடப்பட்டது என்றாலும், 12 வோல்ட் கார் பேட்டரியிலிருந்தோ சூரியத் தகட்டிலிருந்தோ நேராக மின்னேற்றிக்கொள்ள முடியும். பழுது நீக்கும் வசதியோ இன்னும் வியப்புக்குரியது. சாதாரணத் திருப்புளி ஒன்று போதும், முழுக் கணினியையும் கழற்றிவிடலாம். தொலைந்துபோகும் திருகுகளுக்கு மாற்றாகச் சில திருகுகளை உள்ளேயே பொருத்தி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளே தங்கள் கணினியைத் திறந்து பழுது பார்க்க வேண்டும் என்பது வடிவமைப்பாளர்களின் எண்ணம். பின்மூடி பசையால் ஒட்டப்பட்டு, நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டு வரும் இன்றைய கருவிகளைப் பள்ளிகளுக்கென்று வாங்குபவர்கள், ஒருமுறையேனும் இதைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மென்பொருள் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டது. அதன் மேல் சுகர் என்ற இடைமுகம் இயங்குகிறது. கோப்பு, கோப்புறை என்ற அலுவலகப் பழக்கங்கள் இதில் இல்லை. பிள்ளை செய்வதெல்லாம் ‘செயல்பாடுகள்’. செய்த ஒவ்வொன்றும் நாட்குறிப்பு ஒன்றில் தானாகவே பதிவாகிறது. வகுப்பில் உள்ள மற்றவர்கள் ஒரு வரைபடத்தில் சின்னங்களாகத் தெரிவார்கள். ஒருவர் எழுதும் கட்டுரைக்குள் இன்னொருவர் நுழைந்து சேர்ந்தே எழுதலாம். குழந்தைகளுக்கென்று சேமோர் பாப்பர்ட் உருவாக்கிய லோகோ நிரல்மொழியின் மரபில் வந்த, ஆமைக்குக் கட்டளையிட்டு வரையும் ஆமை வரைபடம், கணினி அறிவியலாளர் அலன் கேயின் ஈடாய்ஸ் என்ற நிரலாக்கச் செயல்பாடு, இசையமைக்கும் டாம்டாம் ஆகியவை உள்ளன. இரண்டு கணினிகள் ஒன்றுக்கொன்று ஒலி அனுப்பி இடைப்பட்ட தொலைவை அளக்கும் செயல்பாடு ஒன்று உண்டு. ஒலியின் வேகம் பற்றிய பாடத்துக்கு இதைவிட நல்ல கருவியை நான் வகுப்பறையில் கண்டதில்லை. ஒலிவாங்கித் துளையில் உணரிகளைப் பொருத்தி மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் வரைபடமாகவும் பார்க்கலாம். இவை யாவும் கட்டற்ற மென்பொருள்கள். தான் பயன்படுத்தும் செயல்பாட்டின் மூல நிரலைத் திறந்து பார்ப்பதற்கென்றே விசைப்பலகையில் தனி விசை வைத்திருக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த அளவு மரியாதை கொடுத்த கணினியை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

குறைகளும் சிறியவை அல்ல. 433 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 256 எம்பி நினைவகமும் ஒரு ஜிபி சேமிப்பகமும் 2007இலேயே குறைவானவை. உலாவியைத் திறந்துவைத்துக்கொண்டு இன்னொரு செயல்பாட்டைத் தொடங்கினால் கணினி திணறுகிறது. கணினி எழுந்து தயாராகும் நேரத்தில் வகுப்பின் கவனம் கலைந்துவிடும். தொடுபலகையில் சுட்டி திடீரென்று தாவும். நான்கு மூலை விசைகளையும் ஒருசேர அழுத்தி அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது, ஈரக் கையோடு பயன்படுத்தினால் இன்னும் மோசம். தண்ணீரிலிருந்து காத்த அதே இரப்பர் விசைப்பலகை நாளடைவில் கிழியத் தொடங்கியது. கணினிகள் தமக்குள்ளேயே வலையமைத்துக்கொள்ளும் வசதியோ, ஒரே அறையில் நிறைய கணினிகள் கூடியபோது நெரிசலில் சிக்கித் தடுமாறியது. வகுப்பறைக்கென்று செய்த கருவி வகுப்பறை நிறைந்தபோது தடுமாறியதை நான் இதன் மிகப் பெரிய தொழில்நுட்பக் குறையாகக் கருதுகிறேன்.

ஆயினும் இந்தக் கருவியின் நன்மை தீமையை மேசையில் வைத்துப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஒரே கணினி இரண்டு நாடுகளில் இரண்டு விதமாக வாழ்ந்தது. உருகுவே, குடியரசுத் தலைவர் தபாரே வாஸ்கெஸின் ஆட்சியில், 2007 மே மாதம் விஜா கர்தால் என்ற சிற்றூரின் தொடக்கப்பள்ளியில் தொடங்கி, 2009 அக்டோபருக்குள் அரசுத் தொடக்கப்பள்ளி மாணவர் அனைவருக்கும் கணினி கொடுத்து முடித்தது. அப்போது கணக்கில் இருந்தவர்கள் சுமார் 3,62,000 மாணவர்கள், 18,000 ஆசிரியர்கள். சேய்பால் என்ற பெயர் கொண்ட அத்திட்டத்தில் ஒரு பிள்ளைக்கான செலவு 260 டாலர் என்று சொல்லப்பட்டது. கணினியின் விலையைவிட இது ஏன் கூடுதல் என்று பார்த்தால், பராமரிப்பு, பழுது நீக்கம், ஆசிரியர் பயிற்சி, இணைய இணைப்பு ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கியிருந்தன. அதன் பிறகான ஆண்டுப் பராமரிப்புக்கென்று பிள்ளைக்கு 21 டாலர் கணக்கிட்டிருந்தார்கள். ஒரு திட்டத்தின் நேர்மையை நான் இந்த வரவுசெலவு வரியில்தான் காண்கிறேன். அங்கும் தொடக்க ஆண்டுகளில் உடைந்த கணினிகள் பெருஞ்சிக்கலாக இருந்தன. பழுது நீக்கும் தாமதம் ஏழைக் குடும்பங்களையே அதிகம் வருத்தியது. தன்னார்வலர்கள் ஒரு வலையமைப்பாகத் திரண்டு பள்ளிகளுக்கு உதவினார்கள். ஆனால் திட்டம் அதோடு நிற்கவில்லை. 2012 முதல் பிரிட்டிஷ் கவுன்சிலோடு இணைந்து, ஆங்கில ஆசிரியர் இல்லாத பள்ளிகளுக்குக் காணொளி வழியாகத் தொலைவிலிருந்து ஆங்கிலம் கற்பித்தார்கள். 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளிடம் கருவியும் அதற்கான கற்றல் தளங்களும் ஏற்கெனவே இருந்தன.

பெரு நாடு உருகுவேயைவிட அதிகமாக, எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை வாங்கியது. மலைப்பகுதிச் சிற்றூர்களின் ஏழைப் பிள்ளைகளை முன்னிறுத்திய அந்த நோக்கம் உயர்ந்தது. ஆனால் இன்டர்-அமெரிக்கன் வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு, கணினி பெற்ற பள்ளிகளிலும் பெறாத பள்ளிகளிலும் கணிதம், மொழி ஆகியவற்றின் தேர்வு மதிப்பெண்களில் வேறுபாடு காணவில்லை. பொதுவான சிந்தனைத் திறனைச் சோதிக்கும் பயிற்சிகளில் மட்டும் ஓரளவு முன்னேற்றத்தைக் கண்டது. பெரும்பாலான அந்தப் பள்ளிகளில் இணையம் இல்லை. உடைந்தால் யார் பொறுப்பு என்ற அச்சத்தால் பல பள்ளிகளில் கணினியை வீட்டுக்குக் கொண்டுபோக விடவில்லை. திருப்புளியால் கழற்றிச் சரிசெய்யத்தக்க கருவி, சரிசெய்வதற்கு ஒருவரும் இல்லை என்பதாலேயே அலமாரியில் பூட்டப்பட்ட செய்தியைப் படிக்கும்போது எனக்குத் துக்கமாகவே இருக்கிறது.

இந்தியா 2006இலேயே இக்கணினியை ஏற்க மறுத்தது. கற்பித்தல் நோக்கில் இது ஐயத்துக்குரியது, வகுப்பறைகளும் ஆசிரியர்களுமே உடனடித் தேவை என்று மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் கூறிற்று. அந்த வாதத்தில் பாதியை ஏற்கிறேன். மறுபாதிக்கு விடையாக, 2007இல் மகாராஷ்டிரத்தின் கைராத் என்ற சிற்றூரில், ஒரே ஆசிரியர் இருந்த பள்ளியிலேயே இக்கணினிகள் சோதனை முறையில் வழங்கப்பட்டன. தமிழ்நாடு வேறு வழியில் சென்றது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், முழு அளவுத் திரையும் வன்தட்டும் கொண்ட வழக்கமான மடிக்கணினியை அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் சொந்தமாகவே கொடுத்தது. வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்ற கேள்வியே எழாத அந்தத் தாராளத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். ஆனால் பள்ளிப்படிப்பு முடியும் தறுவாயில் கைக்கு வரும் கணினியை வைத்துப் பள்ளி ஆசிரியர் பாடம் நடத்த வாய்ப்பில்லை. எக்ஸ்ஓ-1 ஆறு வயதுப் பிள்ளையின் கைக்கென்று செய்யப்பட்டது. ஆசிரியரும் மாணவரும் பல ஆண்டுகள் சேர்ந்தே அதைப் பழகலாம். ஆரம்பப் பள்ளியிலேயே கருவி கொடுக்க நினைப்பவர்கள் பின்பற்ற வேண்டிய முன்மாதிரி இதுவே என்பது என் உறுதியான கருத்து.

இன்று இதை வாங்க விரும்புவோர் பழைய பொருளாகத்தான் தேட வேண்டும். அப்படிக் கிடைத்தால் விசைப்பலகையின் இரப்பர் கிழியாமல் இருக்கிறதா, பேட்டரி மின்னேற்றத்தைத் தாங்குகிறதா, தொடுபலகை சீராக நகர்கிறதா என்று பாருங்கள். திருட்டைத் தடுப்பதற்காகச் சில நாடுகளுக்கு அனுப்பிய கணினிகளில் பூட்டு இடப்பட்டிருக்கும். நன்கொடைத் திட்டத்தில் விற்கப்பட்டவற்றில் அந்தத் தொல்லை இல்லை. இன்றைய இணையத்தை இதில் உலவ முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மின்னூல் படிக்க, ஆமை வரைபடம் கற்க, அறிவியல் வகுப்பில் அளவை செய்ய இது இப்போதும் உதவும். கருவி கிடைக்காவிட்டாலும் கவலையில்லை: சுகர் இடைமுகத்தை யுஎஸ்பி நினைவகம் ஒன்றில் ஏற்றி, பள்ளியில் ஓரமாகக் கிடக்கும் பழைய கணினிகளிலேயே இயக்கலாம், அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.