மூன்று மெத்தைகளும் ஒரு கொக்கித் தராசும்

லாத்தாவின், அதாவது என் அக்காவின், மகளுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். கீழக்கரையில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதுதான் வழக்கம் என்பதால், அறையை ஒழுங்கு செய்வது பெண் வீட்டார் பொறுப்பு. கட்டில் வந்துவிட்டது, மெத்தைதான் பாக்கி. “அறுபதாயிரத்துக்கு ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம், வாங்கலாமா?” என்று லாத்தா கேட்டார். பதினோரு வருடங்களில் மூன்று மெத்தைகளோடு மல்லுக்கட்டியவள் நான். அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

2014-இல் என் கல்யாணத்துக்கு உம்மா வாங்கியது பத்து அங்குல பாக்கெட் ஸ்பிரிங் மெத்தை. விலை 46,000 ரூபாய். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனித் துணிப்பைக்குள் இருப்பதால் பக்கத்தில் படுத்திருப்பவர் புரண்டாலும் நமக்குத் தெரியாது. முதல் இரண்டு வருடங்கள் குறை சொல்ல ஒன்றுமில்லை. மச்சான், அதாவது என் கணவர், துபாயிலிருந்து விடுமுறையில் வரும்போதெல்லாம் மெத்தையைத்தான் முதலில் புகழ்வார்.

எங்கள் வீடு கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. மூன்றாவது வருடம் கச்சான் காற்று வீசிய நாட்களில் விரிப்பை மாற்றும்போது ஒரு பழுப்புப் புள்ளியைப் பார்த்தேன். பிள்ளைகள் தேநீர் சிந்தியிருப்பார்கள் என்று நினைத்துத் துடைத்தேன். அடுத்த வாரம் அதே இடத்தில் மறுபடியும் பழுப்பு. சந்தேகம் வந்து மெத்தையைப் புரட்டினால், அடிப்பக்கம் பத்து ரூபாய் நாணயம் அளவில் வட்டம் வட்டமாக, அச்சுக் குத்தியது போல வரிசையாக இருக்கிறது. அத்தனையும் ஸ்பிரிங்கின் துரு. காற்றில் வரும் உப்பு எங்கும் படியும். ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பே காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். எங்கள் ஊரில் அந்த அளவைத் தாண்டாத இரவுகள் குறைவு. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்திலேயே துருவின் காரணமாக 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். மெல்லிய ஸ்பிரிங் கம்பி எம்மாத்திரம்?

பத்து வருட உத்தரவாதம் இருக்கிறதே என்று நிறுவனத்துக்குப் புகார் செய்தோம். ஒருவர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். “கறை படிந்த மெத்தைக்கு உத்தரவாதம் செல்லாது” என்று பதில் வந்தது. கறை மெத்தைக்குள்ளிருந்து வந்தது என்று எழுதிப் பார்த்தேன். அதற்குப் பதிலே இல்லை. 2019-இல் பழைய இரும்புக்காரர் அதை ஓரத்தில் கிழித்தபோது செம்பொடி கொட்டியது. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வண்டியில் ஏற்றினார்.

இதே காலத்தில் பக்கத்து அறையில் வாப்பா படுத்திருந்தது 8,700 ரூபாய் தென்னைநார் மெத்தை. ரப்பர் பால் தெளித்து இறுக்கிய நார், ஐந்து அங்குலம். ஆரம்பத்தில் பலகை போல இருந்தது. ஐந்தாம் வருடம் நடுவில் பள்ளம் விழுந்தது, கட்டிலுக்கடியில் தினமும் பழுப்புத் தூள் கூட்ட வேண்டியிருந்தது. ஆனாலும் ஏழு வருடங்கள் ஓடியது. வருடக் கணக்குப் போட்டால் வாப்பாவின் மெத்தைக்கு ஏறத்தாழ 1,240 ரூபாய், என்னுடையதற்கு 9,200 ரூபாய்.

அடுத்து வந்தது மெமரி ஃபோம், 27,000 ரூபாய். பாய் மாதிரி சுருட்டிப் பெட்டியில் வந்தது. பிரித்ததும் ஒரு வாரம் பெயிண்ட் வாடை. 1966-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆய்வுக்காக உருவான நுரை இது. உடல் சூட்டில் இளகி, உடம்பின் வடிவத்துக்கு இணங்கிக் கொடுக்கும். ஏசி அறையில் உண்மையிலேயே சுகம். என் இடது தோள்பட்டை வலி குறைந்ததற்கு இதுதான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் சித்திரை மாதத்து இரவில் மின்சாரம் போனால் அதே சூடு எதிரியாகிவிடும். நுரை மேலும் இளகி உடம்பை உள்வாங்கும், முதுகுக்கடியில் காற்றே போகாது. புரண்டு படுப்பதே ஒரு வேலை. விடிவதற்குள் தரையில் உம்மாவின் கோரைப்பாய்க்கு இறங்கிவிடுவேன்.

அதைக் கெடுத்தது நான்தான். கறை படியக் கூடாதே என்ற பயத்தில் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே போட்டிருந்தேன், கட்டிலின் அடியும் முழுப் பிளைவுட். வேர்வை ஈரம் வெளியேற வழியில்லாமல் 2021 மழைக்காலத்தில் அடிப்பக்கம் முழுதும் கரும்பூஞ்சை பூத்துவிட்டது. பிறகு தச்சரை அழைத்து, பிளைவுட்டை எடுத்துவிட்டு, விரல் நுழையும் இடைவெளியில் சட்டங்கள் அடித்தோம். மொத்தம் 2,200 ரூபாய் செலவு. மெத்தைக்காக நான் செய்த செலவுகளில் உருப்படியானது இது ஒன்றுதான்.

2022-இல் மூன்றாவது மெத்தை. இம்முறை மச்சான் பயணப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசைக் கையோடு எடுத்துப் போனேன். நுரை மெத்தையின் ஆயுள் பெரும்பாலும் அதன் அடர்த்தியில்தான் இருக்கிறது. ‘40 அடர்த்தி’ என்றால் ஒரு கனமீட்டர் நுரை 40 கிலோ இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் 72-க்கு 36, நான்கு அங்குலக் கனமுள்ள ஒற்றை மெத்தை, உறை இல்லாமலே 6.8 கிலோ வர வேண்டும். முதல் கடையில் ‘40’ என்று ஒட்டியிருந்த மெத்தையைக் கயிறு கட்டித் தூக்கினால், உறையோடு சேர்த்தே ஐந்தரைதான் காட்டியது. கடைப்பையன் தராசைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், முதலாளியைக் கூப்பிடப் போய்விட்டான். நாங்கள் காத்திருக்கவில்லை.

அடுத்த கடையில் எடை சரியாக வந்தது. அடியில் 40 அடர்த்தி நுரை, மேலே இரண்டு அங்குலம் ரப்பர் பாலில் செய்த லேடெக்ஸ், இரட்டைக் கட்டில் அளவு 16,500 ரூபாய். மூன்று வருடங்களாகப் பள்ளம் இல்லை, மெமரி ஃபோம் அளவுக்குச் சூடும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் சுவரில் சாய்த்து வைத்து மின்விசிறியை ஓடவிடுகிறேன். நல்ல கனம், தூக்க இரண்டு பேர் வேண்டும். குறை என்றால் அதுதான்.

“கல்லு மாதிரி இருந்தால்தான் இடுப்புக்கு நல்லது” என்று உம்மா இன்னும் சொல்கிறார். 2003-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஸ்பெயின் ஆய்வில், நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரைக் கடின மெத்தையிலும் நடுத்தரக் கடினமுள்ள மெத்தையிலும் படுக்க வைத்துப் பார்த்தார்கள். 90 நாட்களுக்குப் பிறகு நடுத்தரத்தில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்திருந்தது. உம்மாவிடம் படித்துக் காட்டினேன். “அவர்கள் பாயில் படுக்க வைத்துப் பார்த்தார்களா?” என்று கேட்டுவிட்டுப் பாயை விரித்துக்கொண்டார்.

லாத்தாவுக்கு நான் சொன்னது இதுதான்: இருபதாயிரத்துக்கு மேல் போக வேண்டாம். அந்த அறையில் ஏசி இருப்பதால் மெமரி ஃபோமும் பாதகமில்லை, ஸ்பிரிங் மட்டும் வேண்டவே வேண்டாம். “சம்பந்தி வீட்டார் பத்து அங்குலம் இல்லையே என்று நினைப்பார்களே” என்று இழுத்தார். மேலே கனமான விரிப்பைப் போட்டால் ஆறா பத்தா என்று யாருக்குத் தெரியும்? சனிக்கிழமை மதுரைக்குப் போகிறார்கள். கொக்கித் தராசுக்குப் புது பேட்டரி போட்டுக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.