சிடி பிளேயரா, டிரான்ஸ்போர்ட்டா, பரணில் கிடக்கும் டிவிடி பிளேயரே போதுமா?

சிடி பிளேயர் தேடும் முன் உங்கள் ஆம்ப்ளிஃபையரின் முதுகைப் பாருங்கள். கோஆக்சியல் அல்லது ஆப்டிகல் என்ற டிஜிட்டல் இன்புட் இருந்தால் உள்ளே ஒரு டிஏசி இருக்கிறது; டிஜிட்டல் எண்களை ஒலியாக மாற்றும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். சிவப்பும் வெள்ளையுமான ஆர்சிஏ துளைகள் மட்டும்தான் என்றால் அந்த வேலையும் பிளேயர் தலையில் விழும். எதை வாங்குவது என்ற கேள்வியில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் செலவில்லாத வழி. பழைய டிவிடி பிளேயரும் புளூ-ரே பிளேயரும் பெரும்பாலும் சிடியை வாசிக்கும். சிடியில் இருப்பது நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் (சாம்பிள்), ஒவ்வொன்றும் 16 பிட். இதை எடுத்து டிஏசிக்கு அனுப்பப் பெரிய இயந்திரம் தேவையில்லை. நானும் கொஞ்ச காலம் இப்படித்தான் ஓட்டினேன். ஒலியில் குறையில்லை, தொல்லையெல்லாம் புழக்கத்தில்தான். வட்டைப் போட்டால் யோசித்து யோசித்துத்தான் பாட ஆரம்பிக்கும். எத்தனையாவது பாட்டு ஓடுகிறது என்று பார்க்க டிவியைப் போட வேண்டும். மேடைக் கச்சேரிப் பதிவில் ஒரு பாட்டின் கைதட்டல் அடுத்த பாட்டுக்குள் நீளும் அல்லவா, அந்த இடத்தில் என் பிளேயர் அரை நொடி வாயை மூடிக்கொள்ளும். அரங்கமே மூச்சை நிறுத்தியது போல இருக்கும். இரண்டாவது மாதம் அது மறுபடி பரணுக்குப் போய்விட்டது.

அப்புறம் தனி சிடி பிளேயர். உள்ளேயே டிஏசி உண்டு, வழக்கமாக 2 வோல்ட் அளவில் ஒலியைத் தரும், எந்த லைன் இன்புட்டிலும் செருகலாம். ஃபோனோ என்று எழுதியதில் மட்டும் வேண்டாம். அது இசைத்தட்டு முள் தரும் சில மில்லிவோல்ட்டுக்கானது.

டிரான்ஸ்போர்ட் என்பது டிஏசி இல்லாத பிளேயர். வட்டைச் சுழற்றி, படித்து, எண்களை வெளியே அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. ஏற்கெனவே நல்ல டிஏசி இருந்தால் இதுதான் புத்திசாலித்தனம் என்பேன். ஆனால் விலை ஏற ஏற டிரான்ஸ்போர்ட்டின் ஒலியும் ஏறும் என்பதை நான் நம்புவதில்லை. சின்னக் கீறல்களைச் சரிசெய்யும் வழி சிடியின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. நேரப் பிசகை, அதாவது ஜிட்டரை, இன்றைய நல்ல டிஏசிகளே அடக்கிவிடுகின்றன.

ஒப்பிட்டுக் கேட்கும்போது ஒரு பொறி உண்டு. நானே விழுந்திருக்கிறேன். ஒரு பெட்டி 2 வோல்ட்டும் இன்னொன்று 2.5 வோல்ட்டும் தந்தால் வித்தியாசம் சுமார் 2 டெசிபல். காதுக்கு அது ‘சத்தம் கூடுதல்’ என்று படாது, ‘தெளிவு கூடுதல்’ என்று படும். வால்யூமைச் சமன் செய்யாமல் தீர்ப்புச் சொன்னால் சத்தமான பெட்டிதான் ஜெயிக்கும்.

எஸ்ஏசிடி என்பது சிடியைவிட நுணுக்கமாக ஒலியைப் பதிந்த வட்டு; 1999-இல் வந்தது. கையில் அந்த வட்டுகள் நிறைய இருந்தால் அதற்கான பிளேயர் வாங்கலாம், நாலைந்துக்காக வேண்டாம். எஸ்ஏசிடி அடுக்கும் சிடி அடுக்கும் சேர்ந்த ஹைப்ரிட் வட்டு சாதாரண பிளேயரிலும் பாடும், அதன் சிடி அடுக்கு மட்டும். இன்னொரு சிக்கல்: எஸ்ஏசிடியில் ஒலி பதிவாகும் டிஜிட்டல் வடிவமான டிஎஸ்டி வழக்கமான கோஆக்சியல், ஆப்டிகல் வழியில் போகாது. ஆகவே பிளேயரின் சொந்த டிஏசியையோ எச்டிஎம்ஐயையோ நம்ப வேண்டும். நீங்கள் ஆசையாக வாங்கிய டிஏசி சும்மா உட்கார்ந்திருக்கும்.

என் ஓட்டு? டிஜிட்டல் இன்புட் இருந்தால் எளிய டிரான்ஸ்போர்ட், இல்லாவிட்டால் டிஜிட்டல் அவுட்புட்டும் உள்ள சிடி பிளேயர். நாளைக்கு டிஏசி வாங்கினாலும் அது வீணாகாது.

எதுவானாலும் முதலில் கிழடுதட்டுவது லேசரும் அதை நகர்த்தும் பகுதியும்தான். அதற்கு உதிரி கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பிளேயர் வாங்குவதானால் 70 நிமிடத்துக்கு மேல் ஓடும் வட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். சிடி நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் படிக்கப்படுகிறது. முதல் பாட்டு எல்லாப் பிளேயரிலும் நன்றாகத்தான் இருக்கும், கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்கள்.