பாசிக் குளத்தில் ரப்பர் தவளை: விரால் தூண்டிலில் என் அனுபவம்

நாஞ்சில் நாட்டுக் குளங்களில் விரால் எங்கே கிடக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆம்பலும் வேலம்பாசியும் மூடிய இடத்தில், சம்பைப் புல் ஓரத்தில், மடைப் பக்கத்து நிழலில் கிடக்கும். அங்கே தூண்டிலைக் கொண்டுபோய் இறக்குவதுதான் பாடு. சாதாரணத் தூண்டில் முள்ளை வீசினால் ஒவ்வொரு இழுப்புக்கும் பாசிதான் வரும். அதனால்தான் உள்ளே வெற்றிடமாக இருக்கும் ரப்பர் தவளை லூருக்கு (மீனை ஏமாற்றும் செயற்கை இரைக்கு) மாறினேன். சில வருடங்களாக எங்கள் பக்கத்துக் குளங்களுக்கு இதைத்தான் எடுத்துப் போகிறேன்.

அமெரிக்காவில் பாசி நிறைந்த குளங்களில் லார்ஜ்மவுத் பாஸ் என்ற வேட்டை மீனைப் பிடிக்கிறவர்கள் நம்பிப் பயன்படுத்துகிற லூர் இது. நம் குளங்களில் பாஸ் கிடையாது. ஆனால் மறைவில் பதுங்கிக் கிடந்து, நீர்மேல் போவதை அடிக்கும் குணம் விராலுக்கும் உண்டு. போதாததற்கு விரால் காற்றைக் குடிக்க அடிக்கடி மேலே வந்தாக வேண்டிய மீன். இலைகளுக்கு நடுவே ஒரு குமிழ் வெடித்தால் அங்கே மீன் இருக்கிறது என்று அர்த்தம். வீசுவதற்கு முன் கரையில் சும்மா நின்று அந்தக் குமிழ்களைப் பார்த்துவிடுவது பாதி வேலை.

இந்தத் தவளையில் இரட்டை முள் மேல்நோக்கி, முதுகை ஒட்டிப் படிந்திருக்கும். அதனால் இலைமேல் இழுத்தாலும் சிக்காது. மீன் கவ்வும்போது ரப்பர் அமுங்கினால்தான் முள் வெளியே வரும். ஆகவே வாங்கும்போது கண்ணையும் நிறத்தையும் பார்ப்பதைவிடக் கட்டைவிரலால் முதுகை அமுக்கிப் பாருங்கள். லேசாக அமுக்கியதுமே இரண்டு முனையும் தெரிய வேண்டும். கெட்டியான ரப்பர் என்றால் மீன் அடிக்கும், முள்ளில் ஏறாது. விராலின் வாய் எலும்பாக இருப்பதால் இது இன்னும் முக்கியம். நான் புதுத் தவளையின் முள் முனைகளைக் குறடால் ஒரு நூல் அளவு வெளியே வளைத்துவிடுவேன். ஆம்பலில் கொஞ்சம் உரசும். பரவாயில்லை, ஏறுகிற மீன் கூடுகிறது.

எல்லா இலையும் ஒன்றல்ல. ஆம்பல் இலை தண்ணீரோடு படிந்து கிடக்கும். தவளையை அதன்மேல் ஏற்றி, விளிம்பில் நிறுத்தி, பக்கத்து இடைவெளியில் மெல்ல இறக்கலாம். பெரும்பாலான அடி அந்த இறக்கத்தில்தான் விழுகிறது. இழுத்துக்கொண்டே இருப்பவர்களுக்கு மீன் குறைவு. இடைவெளி வந்தால் நிறுத்துங்கள், நீர் வளையம் அடங்கட்டும், பிறகு ராடின் (தூண்டில் கோலின்) நுனியைச் சட்டென்று ஒரு சுண்டு. தாமரைக் குளம் வேறு கணக்கு. முற்றிய இலை நீருக்கு மேலே உயர்ந்து நிற்பதால் தவளை தண்டுகளுக்கு இடையில் விழுந்துவிடும்; தண்டிலுள்ள முள் தூண்டில் நரம்பை அறுக்கும். ஆகாயத்தாமரை கெட்டியாக அடைத்த இடத்தில் எந்த லூரும் உதவாது. அதன் ஓரத்தை மட்டும் பாருங்கள்.

அடி விழுந்த சத்தத்துக்கு உடனே வெட்டக்கூடாது, அதாவது முள் ஏற ராடைச் சுண்டி இழுக்கக்கூடாது. நரம்பில் பாரம் தெரியட்டும், ஒரு மூச்சு பொறுத்து, ராடைத் தாழ்த்தி, பிறகு பலமாக வெட்டுங்கள். மீன் ஏறியதும் தயங்காமல் மேலே இழுத்துவிட வேண்டும். தலை பாசிக்குள் போய்விட்டால் மீனும் போச்சு. அதனால் 40 பவுண்டு இழுவைக்குக் குறையாமல் தாங்கும் பிரெய்டு (பின்னல்) நரம்பும் கெட்டியான ஏழடி ராடும் தேவை. நைலான் நரம்பு இழுபடுவதால் இந்த வேலைக்குச் சரிப்படாது.

நாள்பட்ட உபயோகத்தில் முதலில் போவது ரப்பர்தான். விராலின் பல் பட்டுப் பட்டு அடிவயிற்றில் பொத்தல் விழும், தண்ணீர் ஏறும், தவளை பின்பக்கம் அமிழும். முள் நுழையும் துளை வழியாகவும் நீர் ஏறும் என்பதால் சில வீச்சுக்கு ஒருமுறை பிழிந்துவிடுவேன். சிறு பொத்தலுக்குச் சூப்பர் க்ளூ கொஞ்ச நாள் தாங்கும். கால்களாகத் தொங்கும் ரப்பர் இழைகளில் ஒரு பக்கத்தைச் சற்றுக் குட்டையாக வெட்டினால் தவளை நேராக வராமல் இடமும் வலமும் நடக்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது. நிறத்தில் கறுப்பும் அடர்பச்சையும் போதும். கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வயிறும் நிழலுருவமும்தான் தெரியும்.

தாய்லாந்து, மலேசியா பக்கம் விராலுக்கென்றே செய்கிற ஜம்ப் ஃபிராக்கையும் வைத்திருக்கிறேன். கெட்டியான சின்ன உடம்பு, பின்னால் சுழலும் தகடு. பாசி குறைந்த திறந்த நீரில் அது தவளையை மிஞ்சும், தூரமும் போகும். பாசிக்குள் போனால் தகட்டில் இழை சுற்றிக்கொள்கிறது. மழையில் செம்மண் கலங்கிய குளத்தில் தகட்டின் சத்தம் உதவுகிறது.

ரப்பர் தவளையை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம், உயிருள்ள தவளையை முள்ளில் குத்த வேண்டாம் என்பது. 1987-ல் இந்தியா தவளைக்கால் ஏற்றுமதியையே நிறுத்தியது. வயலில் பூச்சி தின்னும் உயிர் அது, கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்துக்கும் வேண்டியது.

ஒரு குத்தகைக்கார அண்ணாச்சி என் தவளையைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, "மக்கா, இதப் புடிச்சு மீனு என்ன செய்யும்? சரி, போடு பாப்போம். ஆனா குஞ்சு நிக்கிற எடத்துல மட்டும் போடாத" என்றார். அவர் சொன்னதை அப்படியே கடைப்பிடிக்கிறேன். செந்நிறமாகக் குஞ்சுக் கூட்டம் நீர்மேல் கொதித்துக் கொண்டிருந்தால் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். பசியில்லாமலே கோபத்தில் தவளையை அடிக்கும். அதைத் தூக்கிவிட்டால் குஞ்சுகளைக் கெளுத்தியும் கொக்கும் தின்றுவிடும்.

நம் குளங்களில் பலவற்றில் மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் போயிருக்கும், தாமரையும் குத்தகையில் இருக்கும். கேட்காமல் இறங்காதீர்கள். சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் குளங்கள் 2022-ல் ராம்சார் என்ற பன்னாட்டுச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்ந்தவை. பறவைகளுக்காக அந்தப் பக்கம் நான் ராடு கொண்டுபோவதே இல்லை. வேறு குளமானாலும் அறுந்த பிரெய்டைக் கரையில் விடாதீர்கள். அது மக்காது, நாரையின் காலில் சுற்றினால் அவிழாது. பையில் ஒரு சின்ன டப்பா வைத்து, வெட்டிய துண்டுகளை அதில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.